உன் மணியா, என் மணியா

என் தங்கை ஏவிஸ் அமெரிக்கக் குடியுரிமையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். சரி, போகட்டும். அதற்கு அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான்தானா? உலகத்தில் வேறு ஆளே இல்லையா?

இல்லைதான். அவள் புருஷன் டெல்பர்ட், குளிர் தொடங்குவதற்குள் புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறேன் என்று கூரையில் ஏறினான். இறங்கும்போது ஏணி இருந்த இடத்தை மறந்துவிட்டான். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. ஏவிஸ் எங்கள் இரண்டு ஊருக்குள்ளும் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் அமெரிக்கத் தூதரகம் இருக்கிற ஹாலிஃபாக்ஸ் மாதிரி நகரத்தில் நாலு பக்கமும் கார் வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஆண்டவரைக் கூப்பிடுவாள். நானோ முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தினாலும் கண் சாலையை விட்டு நகராது.

"அக்கா, நீதான் வரணும்," என்று போனில் சொன்னாள். "ஒரு வருஷமா காத்திருந்து கிடைச்ச தேதி. விட்டா இன்னொரு வருஷம்."

"விட்டா நல்லதுதானே," என்றேன்.

"வருவியா, மாட்டியா?"

"பெட்ரோல் போட்டுட்டு வரேன். வை போனை."

எங்கள் ஊர் ஹார்லோ, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடைசி ஊர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கில்மோர், கனடா. நடுவில் ஒரு பாலம். நாங்கள் பாலுக்கு அங்கே போவோம், அவர்கள் பெட்ரோலுக்கு இங்கே வருவார்கள். இங்கே எங்கேயாவது தீப்பிடித்தால் அவர்களுடைய வண்டிகளும் பாலத்தைத் தாண்டி வந்து நிற்கும், அங்கே பிடித்தால் எங்களுடையது போகும். ஒரே ஒரு தொல்லை, மணி. இங்கே எட்டு என்றால் அங்கே ஒன்பது. அதனால் இரண்டு ஊரிலும் யார் யாரை விருந்துக்குக் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, "உன் மணியா, என் மணியா?" என்பதுதான்.

ஏவிஸ் ஹார்லோவில் என் கூட ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள். டெல்பர்ட்டைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். பத்து வருஷம் கழித்து அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கினாள். பிறந்த நாடு ஒன்று, புகுந்த நாடு ஒன்று, கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட். கல்யாணமான நாளிலிருந்து அவள் கைக்கடிகாரம் கில்மோர் மணியில்தான் ஓடும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினாலும் மாற்ற மாட்டாள். "நான் வீட்டுக்காரி, விருந்தாளி இல்ல. எதுக்கு மாத்தணும்?" என்பாள். அது எந்த ஊர் நியாயமோ.

இப்போது என் கதை. செப்டம்பரில் பாங்கோர் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கணையத்தில் ஒரு கட்டி இருக்கிறது என்றார். கத்தி வைக்க முடியாத இடமாம். விட்டால் சில மாதம்தான், ஊசி மருந்து ஏற்றினால் கொஞ்சம் காலம் கூடும், ஆனால் உடம்பு படாத பாடு படும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் என்று ஒருத்தன் இருந்தான், ஃபுளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போனவன் திரும்பவே இல்லை. பிள்ளை கிடையாது. அண்ணன் ராய்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருப்பது ஏவிஸ் மட்டும்தான். அவளுக்குச் சொன்னால் அழுவாள். எனக்கு யார் அழுதாலும் கோபம் வரும்.

சாவுக்குப் பயம் இல்லையா என்றால், இருக்கிறது. எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்தப் பாலம். கொரோனா வந்தபோது பாலத்தை மூடினார்களே, ஒன்றரை வருஷத்துக்கு மேல் திறக்கவே இல்லை. அந்த நேரத்தில்தான் ராய்ஸ் செத்தான். கில்மோரிலிருந்து ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஏவிஸ் மட்டும் வந்தாள். கழுகு போட்ட அமெரிக்கப் பாஸ்போர்ட்டை நீட்டினாள், வாயைத் திறக்காமல் வழிவிட்டார்கள். சொந்த நாட்டுக்காரியை உள்ளே வராதே என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. ராய்ஸ் கடைசியாக மூச்சு விட்டபோது ஒரு கை என்னிடம், ஒரு கை அவளிடம்.

அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் இவள் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள். நாளைக்கு எனக்கு அந்த நிலைமை வந்து, அன்றைக்கென்று எவனாவது பாலத்தை மூடித் தொலைத்தால்? இல்லை, அன்றைக்கு எல்லைச் சாவடியில் நிற்கிறவனுக்கு வயிறு சரியில்லாமல் இவளைத் திருப்பி அனுப்பினால்? என் கையை யார் பிடிப்பது? எனக்கு இருந்த கவலை இது ஒன்றுதான்.

கில்மோரில் அவள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். மாட்டைக் கட்டி இழுக்கிற மாதிரி இழுத்தாள்.

"ஒரு ராத்திரிக்கு எதுக்குடி இவ்ளோ பெரிய பெட்டி? ஹாலிஃபாக்ஸ்ல குடியேறப் போறியா?"

"குளிரு. ஸ்வெட்டர் வேணாமா?" என்று டிக்கியைத் திறந்தாள்.

டெல்பர்ட் ஜன்னலிலிருந்து கையசைத்தான். மழையா பனியா என்று தெரியாத ஒன்று கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. நவம்பர் மாதத்தில் எங்கள் பக்கத்து வானத்துக்கு வேறு நிறம் தெரியாது. ஒரு மணி நேரம் பேசாமல் ஓட்டினேன். எனக்கு அதற்கு மேல் தாங்காது.

"அப்படி என்னதான் பண்ணிடுச்சு உனக்கு அந்த நாடு? சோறு போட்டு வளத்துச்சு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புச்சு."

"சோறு போட்டது அம்மா. பள்ளிக்கூடத்துக்கு விட்டது நீ."

"வாய் மட்டும் குறையல."

"அக்கா, களைச்சுப் போச்சு எனக்கு," என்றாள். சண்டைக் குரல் இல்லை. "வருஷா வருஷம் ரெண்டு நாட்டுக்கும் வரிக் கணக்கு எழுதணும். எனக்கும் டெல்பர்ட்டுக்கும் சேர்ந்த பேங்க் கணக்கு, அவன் மீன்பிடிப் படகு, எல்லாம் வாஷிங்டனுக்குத் தெரியணும். அவன் அந்த ஊர்ல ஒரு நாள் வேலை பாத்ததில்ல. அவன் படகு அவங்களுக்கு எதுக்கு?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. தீயணைப்பு நிலையத்துப் பொம்பளைங்க சங்கத்துக்கு நான்தானே பொருளாளர். பதினெட்டு வருஷம். சங்கத்துப் பேங்க் கணக்குல நான் கையெழுத்துப் போடுறதால அதையும் வாஷிங்டனுக்கு எழுதணும்னு எனக்கு வரிக் கணக்கு பாக்குறவர் சொன்னாரு. நான் மடச்சி, உண்மையா எழுதிட்டேன். எழுதினதை வாயை மூடிட்டு இருக்காம கூட்டத்துலயும் சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன சொன்னாளுங்க?"

"குழாய் ரிப்பேர்காரன் பொண்டாட்டி எழுந்திருச்சா. 'நாம ஞாயித்துக்கிழமை பான்கேக் சுட்டு வித்த காசு அமெரிக்காக்காரனுக்கு எதுக்குத் தெரியணும்? நாளைக்கு மாவு எத்தனை கிலோன்னு கேப்பானா?'ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த மாசம் எனக்குக் கேக் வெட்டி, பூ குடுத்து, கையெழுத்தை வேற ஒருத்திக்கு மாத்திட்டாங்க."

"கேக் என்ன கேக்?"

"கேரட்."

"கேரட் கேக் குடுத்தவளுங்களை நம்பவே கூடாது," என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முப்பத்தெட்டு வருஷம் ஒரு ஊரில் வாழ்ந்துவிட்டு, நம்மாள்தானா இல்லையா என்று ஒரு கேக்கை வெட்டித் தெரிந்துகொள்வது லேசான விஷயம் இல்லை. எனக்கும் அது புரிந்தது. அந்தக் குழாய்காரன் பொண்டாட்டியை ஒருநாள் பேருந்தில் ஏற்றிப் பாதி வழியில் இறக்கிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"பாலத்தை மறுபடி மூடினா என்ன பண்ணுவ?" என்றேன், சும்மா கேட்பதுபோல.

அவள் ஜன்னலில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். 

"ராய்ஸை அடக்கம் பண்ணினோமே, அன்னிக்கு நீ ஆத்துப் பக்கம் பாத்தியா?"

பார்த்தேன். மறப்பேனா? எங்கள் கல்லறைத் தோட்டம் ஆற்றங்கரைச் சரிவில் இருக்கிறது. ராய்ஸ் இருபது வருஷம் ஹார்லோ தீயணைப்புத் தலைவன். அக்கரையில் கில்மோர் வண்டிகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பெட்டியைக் குழியில் இறக்கியபோது எல்லா வண்டிகளும் ஒன்றாகச் சங்கு ஊதின. ஆறே அழுத மாதிரி இருந்தது. நான் யாருக்கும் அழுகிறவள் இல்லை, அன்றைக்கு அழுதேன்.

"வண்டிங்களுக்கு முன்னாடி ஒருத்தன் தொப்பியக் கழட்டிட்டு நின்னான்," என்றாள் ஏவிஸ். "டெல்பர்ட். ராய்ஸோட நாப்பது வருஷம் மான் வேட்டைக்குப் போனவன். சொந்தத் தம்பி மாதிரி. அவன் அங்க நிக்கிறான், நான் இங்க நிக்கிறேன். எனக்கு மட்டும் கதவு தொறந்துச்சு. அப்பவே நெனச்சுட்டேன், எனக்கு மட்டும் தொறக்கிற கதவு வேணாம். இனிமே அவனை எங்க நிறுத்துறாங்களோ அங்கதான் நானும்."

"அழகாத்தான் பேசுற. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா?" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, கழிப்பறைக்குள் போய் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது எனக்கு ஒரு சூப் வாங்கி வைத்திருந்தாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டு மூடி வைத்தேன். அவள் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாள். 

ஹாலிஃபாக்ஸில் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோதே எனக்கு அந்த யோசனை வந்துவிட்டது. மறுநாள் பத்து மணிக்குத் தூதரக அலுவலகத்தில் இருக்க வேண்டும். தாமதமாகப் போனால் உள்ளே விட மாட்டார்கள் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். அவள் போன் சார்ஜ் போடும் வயரை வீட்டிலேயே மறந்துவிட்டாள், போன் எப்போதோ செத்துவிட்டது. அவளிடம் இருந்தது அந்தக் கைக்கடிகாரம் மட்டும்தான். அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்து ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தேன். பெரிய துரோகமா? எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷம் எனக்குப் போதும்.

காலையில் அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நான் திரையை இழுத்து மூடினேன்.

"மணி என்னக்கா?" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"ஏழுதான் ஆகுது. இன்னும் கொஞ்சம் தூங்கு. பத்து நிமிஷத்துல போயிடலாம், பக்கம்தான்."

"உன் ஏழா, என் ஏழா?"

 அவள் போர்வையைத் தள்ளினாள். கோட்டு, கழுத்துத் துணி, ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, கைப்பையை வயிற்றில் அணைத்தபடி படுத்திருந்தாள்.

"முப்பத்தெட்டு வருஷமா ரெண்டு மணியில குடித்தனம் பண்றேன். என் காதுல பூ சுத்துறியா? நவம்பர் மாசம், ஏழு மணிக்கு எங்கயாவது இவ்ளோ வெளிச்சம் இருக்குமா? கீழ டிபன் தட்டெல்லாம் எடுக்கிற சத்தம் கேக்குது."

"நீ போகக் கூடாதுன்னுதான் பண்ணினேன்," என்றேன். "வேற எதுக்கு?"

"ஏன் போகக் கூடாது?"

"சும்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடிகாரத்தை எடுத்து முள்ளைச் சரியான இடத்துக்குத் திருப்பிக் கையில் கட்டிக்கொண்டாள்.

"ஷூவப் போடு அக்கா. பனி வழுக்கும், மெதுவா ஓட்டு."

தூதரகத்தில் துணைக்கு ஆளை விடுவதில்லை. கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போவோர் வருவோர் எல்லாரும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகப் போனார்கள். எனக்கு முதுகு வலித்தது. அந்தக் கட்டி முதுகு வழியாகத்தான் பேசும். மேலே ஓர் அறையில் என் தங்கை என் நாட்டை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். உறவை வேண்டாம் என்று எழுதி வாங்குகிற அலுவலகம் எங்கேயாவது இருந்தால் அங்கேயும் வரிசையில் நின்று தொலைத்திருப்போம்.

அவள் இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றுமே இல்லை. பால் வாங்கிக்கொண்டு வருகிறவள் மாதிரி வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"என்னடி பண்ணினாங்க உள்ள?"

"ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். 'யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?'ன்னு ரெண்டு தடவை கேட்டா. 'இல்லம்மா, எங்கக்கா ஒருத்திதான் தடுக்கிறா. கடிகாரத்தையெல்லாம் திருப்பி வெச்சா'ன்னேன்."

"அதையும் சொன்னியா!"

"சிரிச்சுட்டா பாவம். அப்புறம் திரும்பக் கிடைக்காது, நல்லா யோசிச்சீங்களான்னா. யோசிச்சாச்சுன்னேன். வலது கைய தூக்கச் சொன்னா. தோள் வலிக்கும்ல எனக்கு, முழுசாத் தூக்க முடியல, பரவால்லன்னா. வாசிச்சேன். பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சு, அதுக்குக் கால் மணி நேரம். பாஸ்போர்ட்ட வாங்கிட்டு ஒரு நகல்ல முத்திரை குத்திக் குடுத்தா. அவ்ளோதான்."

"அழுதியா?"

"எதுக்கு அழணும்? பசிக்குது, வா."

பொய். காரில் ஏறி பெல்ட்டைப் போடும்போது அவளால் கொக்கியை மாட்ட முடியவில்லை. மூன்று தடவை தவறவிட்டாள். நான் எட்டி மாட்டிவிட்டேன். என் தோளில் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் இருந்தாள். எங்கள் இரண்டு பேர் தலையிலும் அந்த விடுதிச் சோப்பு வாசனை அடித்தது. அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும் என்று சொன்னேன், அன்றைக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் அவள் தூங்கினாள். நான் எனக்குள் சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினேன். முடிந்துவிட்டது, இனிமேல் சொல்லி என்ன பயன்? சொன்னால் ஐயோ தப்புப் பண்ணிவிட்டேனே என்று காலமெல்லாம் நினைப்பாள். சொல்லாமல் விட்டால் நான் தனியாகக் கிடப்பேன். இரண்டில் எது மோசம் என்று யோசித்து யோசித்துத் தலை கனத்தது. கடைசியில் சொல்லாமலேயே இருப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கே பிடிக்கவில்லை.

கில்மோரில் அவள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். டெல்பர்ட் இரண்டு ஊன்றுகோலோடு வாசலுக்கே வந்துவிட்டான். அவர்கள் இரண்டு பேரும் என்னவோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். அப்புறம் அவன் என் பக்கம் வந்து, ஊன்றுகோலைக் காரில் சாய்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். டெல்பர்ட் கட்டிக்கொள்கிற ஜாதியே இல்லை. கல்யாணத்தன்றுகூட எனக்குக் கைதான் கொடுத்தான்.

"என்னாச்சு உனக்கு? கால்ல அடிபட்டா மூளைக்கு ஏறுமா?" என்றேன்.

"போய்ட்டு வா லியோனா. பீன்ஸ் சட்டிய ஏவிஸ் பின் சீட்ல வெச்சுட்டா," என்றான்.

பெட்டியை இறக்கலாம் என்று டிக்கிப் பக்கம் போனேன். ஏவிஸ் அதற்குள் மறுபடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்கடி வர்ற?"

"டெல்பர்ட் பீன்ஸ் பண்ணிக் குடுத்திருக்கான்ல? உன் வீட்டுல சாப்பிடறேன். ஓட்டு."

சரி, இன்றைக்கு ராத்திரி என் கூட இருக்கத் தோன்றுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன். பாலத்தில் ஏறினோம். கீழே ஆறு கறுப்பாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துச் சாவடியில் புதுப் பையன் ஒருவன். வெயில் ஊர்க்காரன் போல, காதுவரை தொப்பியை இழுத்து விட்டிருந்தான். பழைய ஆட்கள் என்றால் "என்ன ஏவிஸ், டெல்பர்ட் கால் எப்படி?" என்று கேட்டுவிட்டு அனுப்பியிருப்பார்கள். இவன் இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கினான். என்னுடையதை உடனே திருப்பிக் கொடுத்தான். அவளுடையதைப் புரட்டிக்கொண்டே இருந்தான்.

"பிறந்த ஊர் ஹார்லோன்னு போட்டிருக்கே. உங்க அமெரிக்கப் பாஸ்போர்ட் எங்கம்மா?"

"குடுத்துட்டேன் தம்பி. இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்துச்சு." முத்திரை குத்திய நகலை நீட்டினாள்.

அவன் அதை வாசித்தான். மறுபடி வாசித்தான்.  நான் பயந்தது இதைத்தான். ஒரு நாளில் வந்துவிட்டது. அவள் பிறந்த வீடு அந்தச் சாவடியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது, வாசலில் விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

"எதுக்காக வர்றீங்க?" என்றான்.

வாழ்நாளில் முதல் தடவையாக என் தங்கையை அந்தக் கேள்வி கேட்டார்கள்.  அவள் நிதானமாகக் குனிந்து, என்னைத் தாண்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கக்காவுக்கு உடம்பு ரொம்ப முடியல. கூட இருந்து பாத்துக்கப் போறேன். என் பெட்டி டிக்கியில இருக்கு, வேணும்னா தொறந்து பாருங்க. என் புருஷன் வீடு அந்தப் பக்கம்தான், அங்கதான் திரும்பிப் போவேன். எவ்வளவு நாள் விடுவீங்க தம்பி?"

பையன் என்னைப் பார்த்தான். நான் முன்கண்ணாடியைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"அதிகபட்சம் ஆறு மாசம்," என்றான்.

ஏவிஸ் என் பக்கம் திரும்பினாள். கடையில் துணி அளந்து வெட்டும்போது கேட்பாளே, அதே குரல்.

"போதுமாக்கா?"

டாக்டர் சொன்னதை மனதுக்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். தலையை ஆட்டினேன்.

"போதும்," என்றேன். "தாராளம்."

அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். தொப்பியைத் தொட்டான். சாவடியைத் தாண்டி, தபால் நிலையத்துக்கு முன்னால் காரை ஓரம் கட்டினேன். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை.

"எப்படித் தெரியும்?"

"பனி தள்ளுற மெஷினை அக்டோபர் மாசம் எதிர் வீட்டுக்காரனுக்குத் தூக்கிக் குடுத்தியே," என்றாள். "இந்த ஊர்ல எந்தப் பைத்தியக்காரியாவது குளிர் வர்ற நேரத்துல அந்த மெஷினைக் குடுப்பாளா? அவன் டெல்பர்ட்டுக்குப் போன் பண்ணி, 'லியோனாவுக்கு என்ன ஆச்சு?'ன்னான். அப்புறம் நீ சாப்பிடுறதப் பாத்தேன். போதாதா?"

நான் அந்த மெஷினை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். முதுகு வலி, தள்ள முடியவில்லை என்றெல்லாம் கதை விட்டிருந்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ.

"தெரிஞ்சுமா அந்தப் பாஸ்போர்ட்டைக் குடுத்த? அது இருந்தா எத்தனை நாள் வேணாலும் இருக்கலாமேடி. ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டானே."

"இருந்தா டெல்பர்ட் வெளிய நிப்பான், நான் மட்டும் உள்ள வருவேன். திரும்ப அதே கூத்து. இப்ப ரெண்டு பேரும் ஒரே வரிசையில வருவோம். ரெண்டு பேரையும் ஒண்ணா விடட்டும், இல்ல ஒண்ணா நிறுத்தட்டும்." மூக்கை உறிஞ்சினாள். "மூடுறதுன்னா என்னை உள்ள வெச்சு மூடட்டும். அதுக்குத்தான் இன்னிக்கே வந்தேன்."

"அவனை யாரு பாத்துப்பா? ஒத்தக் காலோட?"

"எனக்குக் கேக் வெட்டினாளுங்கல்ல, அவளுங்க சாப்பாடு கொண்டுவந்து போடட்டும்."

சிரித்தேன். சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தேன். பின் சீட்டில் டெல்பர்ட்டின் பீன்ஸ் வெல்லப்பாகு வாசனையோடு ஆறிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு, ஒரு கரண்டியாவது சாப்பிடலாம் என்று தோன்றியது.

வண்டியைக் கிளப்பினேன். ஏவிஸ் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்தாள். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முள்ளை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"என்னடி பண்ற?"

"உன் மணி," என்றாள். "மாத்திரை எத்தனை மணிக்குப் போடணும்னு சொல்லு."